என் கணவர் வில்லையில் இறங்கியவர்

எங்கள் ஜெபக்கூடத்தில் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் யாரும் உடனே எழுந்து வீட்டுக்குப் போய்விட முடியாது. உபதேசியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு, அங்கிப் பையிலிருந்து செய்தித்தாளை எடுப்பார். சென்னப்பட்டணத்திலிருந்து ரயிலில் வரும் தாள் அது. எங்கள் பக்கத்து சாம்பியன் ரீப்ஸ் ரயில் ஸ்டேஷனில் வேலை பார்த்த யாரோ ஒருவர் படித்து முடித்து, அவர் வீட்டில் நாலு பேர் படித்து, கடைசியில் உபதேசியார் கைக்கு வரும். அதற்குள் செய்தி ஆறிப் போயிருக்கும். ஆனால் அவர் வாசிக்கும்போது நேற்று ராத்திரி நம் தெருவில் நடந்ததைப் போலத்தான் இருக்கும்.

அந்த வருஷங்களில் செய்திக்கு ஒன்றும் குறைவில்லை. ஆப்பிரிக்காவில் வெள்ளைக்காரர்களுக்குள்ளேயே சண்டை. சீனாவில் கலகம். பம்பாயில் கிளம்பிய கொள்ளைநோய் பெங்களூர் வரைக்கும் வந்து, ரயில் ஏறப் போனால் ஆண் பெண் பார்க்காமல் அக்குளைத் தடவிப் பார்க்கிற காலம். காவேரித் தண்ணீரிலிருந்து மின்சாரம் எடுத்துக் கம்பி வழியாகக் கொண்டுவந்து எங்கள் சுரங்கங்களில் விளக்கெரிக்கப் போகிறார்கள் என்று ஒரு பேச்சு. உபதேசியாரிடம் இவை ஒவ்வொன்றுக்கும் ஒரு வசனம் தயாராக இருக்கும். சண்டை என்றால் மனுஷனின் பெருமைக்கு விழுந்த அடி. கொள்ளைநோய் என்றால் எகிப்து ராஜாவின் கல்மனதை இளக்கக் கடவுள் அனுப்பிய வாதை. மின்சாரத்தைக்கூட அவர் விடவில்லை, கடைசி நாட்களின் அடையாளம் என்றார். கேட்டுக்கொண்டிருந்த எனக்குச் சிரிப்பு வரும், கூடவே எரிச்சலும் வரும். பெரும்பாலும் எரிச்சல்தான்.

கொள்ளைநோயை அவர் எகிப்தோடு சேர்த்துப் பேசிய அன்றைக்கு, எனக்கு முன்வரிசையில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். அந்த நோயில் குழந்தையைப் பறிகொடுத்தவள். முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். எந்தப் பாவத்துக்காக எந்த ராஜாவின் இருதயத்தைக் கடவுள் இளக்கப் பார்த்து அவள் குழந்தையை எடுத்தார் என்று எழுந்து கேட்கலாமா என்று எனக்கு வாய் துடித்தது. என் கணவர் என் கையை அழுத்தினார்.

உபதேசியாரைக் கெட்டவர் என்று நினைத்துவிட வேண்டாம். அதே நோய்க்காலத்தில், சொந்த ஜனமே தொடப் பயந்த பிணங்களை அவர்தான் தூக்கினார். மண்வெட்டி பிடித்துக் குழியும் வெட்டினார். வேற்று மதத்தாரின் பிள்ளைகளுக்குக் கஞ்சி கொண்டுபோய் ஊட்டினார். அவ்வளவு நல்ல மனுஷன் வாயைத் திறந்தால் இப்படிப் பேசுகிறாரே என்பதுதான் என் கோபம். கெட்டவராக இருந்திருந்தால் காதில் வாங்காமல் விட்டிருப்பேன்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியும். வேலூர்ப் பக்கம் மிஷன் பள்ளிக்கூடத்தில் தங்கிப் படித்தவள். கல்யாணமாகி என் கணவரோடு இந்தத் தங்கவயலுக்கு வந்தேன். நாங்கள் குடியிருந்த கூலி லயன் எந்தச் சுரங்கத்தைச் சேர்ந்தது என்று எழுதப் போவதில்லை. எல்லா லயனும் ஒரே மாதிரிதான். மூங்கில் தட்டிச் சுவர், குனிந்து நுழைகிற வாசல், இந்த வீட்டில் தும்மினால் அடுத்த வீட்டில் கேட்கும். அடுத்த வீட்டில் இருந்தவர்கள் வடார்க்காட்டிலிருந்து வந்த இந்துக் குடும்பம். அந்த வீட்டு அக்கா எனக்குக் கூடப் பிறந்தவளைவிட ஒரு படி மேல். அவள் புருஷனை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். நெடுநெடுவென்று உயரம். எங்கள் வாசலில் குனியும்போதெல்லாம் தலையில் இடித்துக்கொண்டு தட்டியைத் திட்டுவார்.

இனி நான் சொல்லப்போவது புரிய வேண்டுமென்றால் வில்லையைப் பற்றிச் சொல்ல வேண்டும். சுரங்கத்தில் இறங்குகிற ஒவ்வொருவருக்கும் நம்பர் அடித்த பித்தளை வில்லை ஒன்று உண்டு. இறங்கும்போது டைம் ஆபீசில் அதைக் கொடுத்தால் பலகையில் ஒரு பக்கம் மாட்டுவார்கள், ஏறி வந்ததும் இன்னொரு பக்கத்துக்கு மாற்றுவார்கள். ஆட்களைக் கீழே இறக்கும் கேஜில் ஏறுகிறவன் முகத்தை யார் பார்த்தார்கள்? எல்லா முகமும் ஒரே கருப்பு. தலையும் வில்லையும் சரியாக இருந்தால் மேஸ்திரிக்குப் போதும்.

சுரங்கத்துக்கு ஞாயிறு கிடையாது. ஆனால் எங்கள் ஜனத்துக்கு மாதத்தில் ஒரு ஞாயிறு அப்பமும் ரசமும் கொடுக்கும் திருவிருந்து உண்டு, அன்றைக்கு வராதவனை உபதேசியார் பார்க்கிற பார்வையே வேறு. அதற்கு லயனில் ஒரு வழி வைத்திருந்தார்கள். என் கணவருக்குப் பகல் ஷிப்ட், அண்ணனுக்கு ராத்திரி ஷிப்ட். திருவிருந்து ஞாயிறன்று அண்ணன் என் கணவர் வில்லையைக் கொடுத்துவிட்டுப் பகலில் இறங்குவார், அன்று ராத்திரி என் கணவர் அண்ணன் வில்லையில் இறங்குவார். ஆடி மாதத்தில் மாரியம்மன் கோவில் தீமிதி வந்தால் இதே மாற்று மறுபக்கம் நடக்கும். அண்ணன் காப்புக் கட்டி நெருப்பில் இறங்குகிற ராத்திரி, அவர் வில்லையில் என் கணவர் கீழே இருப்பார். எங்கள் வீடு மட்டும் இல்லை, பல வீட்டில் இதுதான் வழக்கம். மேஸ்திரிக்கும் தெரியும். ஆபீசுக்குத் தெரிந்தால் இரண்டு பேருக்கும் வேலை போய்விடும் என்பதும் எல்லோருக்கும் தெரியும்.

உபதேசியாருக்கும் இது தெரியும். கிறிஸ்தவன் வில்லையில் அம்மன் பக்தன் இறங்குவதைப் பற்றி மட்டும் அவர் ஒருநாளும் வசனம் தேடியதில்லை.

அந்தத் திருவிருந்து ஞாயிறன்று காலையில் அண்ணன் எங்கள் வாசலில் வழக்கம்போல இடித்துக்கொண்டு, "வில்லையக் குடு மச்சான், நேரமாவுது" என்று கேட்டு வாங்கிப் போனார். நான் ஒரு தூக்கில் கஞ்சி ஊற்றிக் கொடுத்தேன். "உப்பு போட்டியா தங்கச்சி, போன மாசம் மாதிரி மறந்துட்டியா?" என்று கேட்டார். நாங்கள் துவைத்த துணி உடுத்தி ஜெபக்கூடத்துக்குப் போனோம்.

பிரசங்கம் முடிந்து எல்லோரும் கண்ணை மூடி ஜெபத்தில் இருந்தபோது தரை ஆடியது. தகரக் கூரை சடசடவென்று உதறியது. இங்கே வாழ்ந்தவர்களுக்கு அது என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. ஆழத்தில் பாறை தன் பாரம் தாங்காமல் வெடிக்கும், மேலே பாத்திரமெல்லாம் ஆடும். ஏர் பிளாஸ்ட் என்பார்கள். பல நாள் வெறுமனே ஆடிவிட்டுப் போய்விடும். அன்று கொஞ்ச நேரத்தில் சுரங்கத்து ஆபத்துச் சங்கு ஊதியது, விட்டு விட்டு நீளமாக. ஜெபத்தை யார் முடித்தார்கள் என்றுகூடத் தெரியாது, எல்லோரும் கேஜ் இறங்குகிற ஷாப்டை நோக்கி ஓடினோம்.

டைம் ஆபீஸ் வாசலில் கிளார்க் நின்றுகொண்டு, ஏறி வராதவர்களின் நம்பரைப் பலகையைப் பார்த்து ஒவ்வொன்றாகக் கூப்பிட்டார். ஒவ்வொரு நம்பருக்கும் கூட்டத்தில் ஓர் இடத்திலிருந்து அலறல் வரும். என் கணவர் நம்பரையும் கூப்பிட்டார். என்னைச் சுற்றியிருந்த பெண்கள் அப்படியே என் மேல் விழுந்தார்கள். ஒருத்தி என் தலையைத் தன் மார்பில் சேர்த்துக்கொண்டு ஒப்பாரி வைத்தாள். என் கணவர் எனக்குப் பின்னால் வெள்ளை வேட்டியும் கோட்டுமாக நின்றுகொண்டிருந்தார். எங்கள் லயன் கிழவி ஒருத்தி அவரைப் பார்த்துவிட்டு, "ஐயோ, இங்க நிக்கிறாரே!" என்று வீறிட்டாள். அழுகை அப்படியே நின்றுபோனது. எங்கள் லயன் ஜனத்துக்கு அந்தக் கணமே விஷயம் விளங்கிவிட்டது. யாரும் வாய் திறக்கவில்லை.

அக்கா அப்போதுதான் வந்தாள். களி கிளறிக்கொண்டிருந்தவள் அப்படியே ஓடிவந்திருக்கிறாள், கையெல்லாம் மாவு. "இன்னா தங்கச்சி, யாரு மாட்டிக்கினாங்க? எல்லாம் இன்னாத்துக்கு இப்பிடி நிக்கிறீங்க?" என்று கேட்டாள். அவள் கண் என் கணவர் மேல் போனது. துவைத்த வேட்டியை மேலிருந்து கீழ் வரை பார்த்தாள். "நீங்க இங்க நிக்கிறீங்களா" என்றாள், அவ்வளவுதான். பிறகு மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

அந்த இடத்தில்தான் உபதேசியார் முழங்கால் போட்டார். அக்கா உட்கார்ந்திருந்த இடத்துக்கும் அவருக்கும் நடுவே இரண்டு ஆள் நிற்கலாம், அவ்வளவுதான் இடைவெளி. கர்த்தர் தம்முடைய நாளைக் கனம்பண்ணின தம் பிள்ளையைக் குழியிலிருந்து விலக்கிக் காத்தார் என்று உரத்த குரலில் நன்றி சொன்னார். எங்கள் சபையார் ஸ்தோத்திரம் என்றார்கள். நான் சொல்லவில்லை. எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. என் கணவர் உயிரோடு நிற்பதற்கு நான் நன்றி சொல்லக் கூடாதா? சொல்லத்தான் வேண்டும். அழுதுகொண்டு சொல்லியிருப்பேன். ஆனால் அவள் காதில் விழும்படி அதை எப்படிச் சொல்வது?

ஆழத்தில் இடிந்த லெவலைத் தோண்டப் போனவர்களைப் பாறை மறுபடி மறுபடி துரத்தியது. சில நாள் பார்த்துவிட்டு, இனி ஆளை இறக்க முடியாது என்று அந்தப் பக்கத்தையே அடைத்துவிட்டார்கள். உள்ளே இருந்தவர்களில் ஒருவர் உடம்பும் மேலே வரவில்லை. பலகையில் இறங்கினவர்கள் பக்கத்திலேயே தொங்கிய வில்லைகளை வைத்துத்தான் செத்தவர் யார் என்று ஆபீஸ் முடிவு செய்தது. அந்தக் கணக்குப்படி என் கணவர் செத்துப்போனார். அண்ணனுடைய வில்லை அவர் வீட்டிலேயே கிடந்தது. அன்று ராத்திரி ஷிப்டுக்கு அவர் வரவில்லை, மறுநாளும் வரவில்லை. அதனால் அவர் சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டு ஓடிப்போனவர்.

அக்கா ஆபீசுக்குப் போய் அழுதாள். "எங்க வூட்டுக்காரரு கீழ கீறாரு சாமி, நான்தான் காலைல அனுப்பிச்சேன்" என்றாள். கிளார்க் பலகையைக் காட்டினார். மேஸ்திரியைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். "நான் தலையத்தான் எண்ணினேன், மூஞ்சப் பாக்கல" என்றான் அவன். அவனுக்கும் பெண்டாட்டி பிள்ளைகள் இருக்கிறார்கள், உண்மையைச் சொன்னால் அவன் வேலையும் போகும். அக்கா திரும்பி வந்தாள். சுரங்கத்தில் செத்தவன் குடும்பத்தை லயனில் இருக்க விடுவார்கள், வளர்ந்த பிள்ளைக்கு மேலே ஒரு வேலையும் போட்டுக் கொடுப்பார்கள். ஓடிப்போனவன் குடும்பம் வீட்டைக் காலி செய்ய வேண்டும். அதைவிட அவளைக் கொன்றது தண்ணீர் பிடிக்கிற இடத்துப் பேச்சு. வேறு லயன் பெண்கள் அவளைப் பார்த்து, எவளோடு போனான் என்று கேட்டார்கள். தாலியைக் கழற்றவும் முடியாமல் பொட்டு வைக்கவும் மனமில்லாமல் அவள் வீட்டுக்குள்ளேயே கிடந்தாள்.

என் கணவர் போய் வாயைத் திறந்தால் எல்லாம் சரியாகும். திறந்தால் எங்கள் வேலையும் வீடும் போகும். இது இரண்டும் எங்கள் இருவருக்கும் தெரிந்திருந்தது, அதனால் நாங்கள் அந்த நாட்களில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதைத் தவிர்த்தோம். ஆனால் செத்தவர் என்று எழுதப்பட்ட மனுஷன் எத்தனை நாள் வீட்டுக்குள் இருக்க முடியும்? ஏதாவது ஒன்றைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

உபதேசியார்தான் அதற்கு வழி கண்டுபிடித்தார். எங்கள் மேல் இருந்த அன்பினால்தான், அதை மறுக்கவில்லை. கிளார்க்கைப் போய்ப் பார்த்து, இந்த மனுஷனின் வில்லை சனிக்கிழமையே தொலைந்துவிட்டது, கண்டெடுத்த எவனோ இறங்கியிருக்கிறான், இவர் ஜெபக்கூடத்தில் இருந்ததற்கு நான் சாட்சி என்று பேசி முடித்துவிட்டார். என் கணவருக்குப் புது வில்லை கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து, "தேவன் வழியைத் திறந்துவிட்டார் அம்மா" என்றார். என் கணவர் வில்லையைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றார்.

நான் பேசினேன். "கண்டெடுத்த எவனோன்னு சொன்னீங்களே ஐயா, அந்த எவனோ யாரு?"

"அம்மா, நான் பெயர் சொல்லவில்லையே."

"சொல்லியிருக்கணும். அந்த அண்ணனை அன்னிக்குக் கீழ இறக்குனது யாரு? எங்க வூட்டுக்காரரைக் கர்த்தர் காப்பாத்துனாருன்னு முழங்கால் போட்டீங்களே, அப்ப அவரை?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சில காரியங்கள் நமக்கு மறைவானவை. அவற்றைக் கேட்கக் கூடாது" என்றார்.

"சீன தேசத்துல கலகம் ஏன் வந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியும். ஆப்பிரிக்காவுல வெள்ளக்காரன் ஏன் சாவறான்னு தெரியும். இந்தத் தட்டிக்கு அந்தாண்ட நடந்தது மட்டும் மறைவா கீதா?"

என் கணவர், "போதும் விடு" என்றார். உபதேசியார் முகம் சிவந்துபோனது. கோபம் என்று நினைத்தேன், இப்போது நினைத்துப் பார்த்தால் அவருக்கு அழுகை வந்திருக்கலாம். தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார். தட்டிக்கு அந்தாண்டை அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள் என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

அதற்கப்புறம் நான் ஜெபம் செய்வதை நிறுத்தவில்லை. ஆனால் அதை ஜெபம் என்று சொல்லலாமா என்பது சந்தேகம். அடுப்பில் ஊதுகிறபோதும் துணி கசக்குகிறபோதும் கடவுளோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். நீர் யாரைக் காப்பாற்றினீர், யாரை விட்டீர், எதற்கு என்று ஒரு வார்த்தை சொல்லும். சொல்ல மாட்டீர் என்றால் உமக்காகப் பேசுகிறவர்களையாவது கொஞ்சம் வாயை மூடச் சொல்லும். இப்படித்தான் கேட்டேன். பதில் ஒன்றும் வரவில்லை. அதற்காக நான் அவரை விட்டுப் போகவும் இல்லை, கோபித்துக்கொள்ள அவரைத் தவிர எனக்கும் வேறு யார் இருந்தார்கள்?

அக்கா வீட்டைக் காலி செய்யச் சொல்லிப் பியூன் ஒரு தடவை வந்துவிட்டுப் போனான். நான் என் கணவரிடம் நேராகவே கேட்டேன். "போயி உள்ளதச் சொல்லிடுங்களேன்."

"எனக்கு மட்டும் நெஞ்சுல ஈரம் இல்லன்னு நெனச்சியா?" என்றார். "வேல போச்சுன்னா பசங்கள எங்க இட்னு போறது? ஊர்ல இன்னா கீது, சொல்லு. ஏரியில தண்ணி இல்லாமத்தானே வந்தோம்." அது பொய்யில்லை. அவர் புது வில்லையை எடுத்துக்கொண்டு ஷிப்டுக்குப் போனார். அவர் கேஜில் இறங்குகிற நேரத்தில் தட்டிக்கு அந்தாண்டையிலிருந்து அக்கா இருமுகிற சத்தம் கேட்டது.

இப்படி இழுத்துக்கொண்டிருக்கும்போது மிஷன் மாதப் பத்திரிகை வந்தது. அந்த ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு உபதேசியார் சென்னப்பட்டணத்துத் தாளை எடுக்கவில்லை. இதைத்தான் எடுத்தார். எங்கள் கதை அதில் அச்சாகியிருந்தது. தங்கச் சுரங்கத்தில் வேலை செய்யும் ஏழைச் சகோதரர் ஒருவர், கூலியை இழந்தாலும் ஓய்வுநாளை ஆசரிப்பேன் என்று ஜெபக்கூடம் வந்தார், அதே நேரத்தில் அவர் இருக்க வேண்டிய இடத்தில் பாறை விழுந்தது, அவரோ காக்கப்பட்டார். இவ்வளவுதான். உப்பு போட்டாயா என்று கேட்டுவிட்டுப் போன மனுஷன் அதில் எங்குமே இல்லை. சபையார் திரும்பி என் கணவரைப் பார்த்துப் புன்னகை செய்தார்கள். பத்திரிகையை எங்களிடமே கொடுத்து, வைத்துக்கொள்ளச் சொன்னார்கள்.

இத்தனை வருஷமாக எங்கோ தூரத்துச் செய்தி இப்படித்தான் பிரசங்கமாகியிருக்கிறது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. மூழ்கின கப்பலிலும் ஆடின பூமியிலும் ஒவ்வொரு வீட்டிலும் ஓர் ஆள் இப்படிக் கதையிலிருந்து விட்டுப்போயிருப்பான். எங்களுக்கு அவர்கள் முகம் தெரியாது, அதனால் ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சோறு தின்றோம்.

அன்று மத்தியானம் அக்கா வந்தாள். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அவள் எங்கள் வீட்டு வாசலை மிதித்தது அதுதான் முதல் தடவை. என் கணவர் சாப்பிட உட்கார்ந்திருந்தார். அவள் நின்றபடியே என்னிடம் கேட்டாள். "இன்னாமோ புஸ்தகத்துல அச்சடிச்சு வந்துகீதாமே. எங்க வூட்டுக்காரரு பேரு கீதா?"

"யார் பேரும் போடல அக்கா."

"பேரு வோணாம். அவரு கீழ போனாருன்னு போட்டுகீதா? அதக் காட்டி ஆபீசுல கேக்கலாம்னு பாத்தேன்."

அவளுக்குப் படிக்கத் தெரியாது. நான் என்ன வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். பத்திரிகையைப் பிரித்து, அதில் இருந்தது அத்தனையையும் ஒரு சொல் விடாமல் வாசித்தேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. அவள் கடைசி வரை கேட்டாள். பிறகு என் கணவரைப் பார்த்துப் பேசினாள், சத்தம் போடவில்லை.

"ஆடி மாசம் அவரு தீ மெறிக்கிற ராவுல நீங்க அவரு வில்லையில எறங்குனீங்க. காலைல சொகமா ஏறி வந்தீங்க. எங்க ஆத்தா உங்களக் காப்பாத்துனான்னு நான் யாராண்டயாவது போயி சொன்னனா? உங்களுக்காவ ஒரு வாட்டி கற்பூரம் கொளுத்தினேன். அத தங்கச்சியாண்ட கூட சொல்லல."

சொல்லிவிட்டுப் போய்விட்டாள். என் கணவர் பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டுக் கை கழுவினார்.

திங்கட்கிழமை காலை அவர் ஷிப்டுக்குப் போகவில்லை, ஆபீசுக்குப் போனார். துரை முன்னால் நின்று, வில்லை தொலையவில்லை, நான்தான் கொடுத்தேன், அவர் எனக்காக இறங்கினார் என்று சொல்லியிருக்கிறார். உபதேசியார் சொன்னது பொய்யா என்று கேட்டார்களாம். அவருக்குத் தப்பாகத் தெரிந்திருக்கும் என்று இவர் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். எனக்கு அதில் கோபம்தான், ஆனாலும் விட்டுவிட்டேன். வில்லையை அங்கேயே வாங்கிக்கொண்டார்கள். ஒரு வாரத்தில் வீட்டைக் காலி செய்ய வேண்டும். பூதிகோட்டைப் பக்கத்திலிருந்து சுரங்கத்து பாய்லர்களுக்கு விறகு ஓட்டும் வண்டிக்காரர் ஒருவர் ஆள் தேடுவதாக வழியிலேயே கேட்டு வைத்துக்கொண்டு வந்தார். அன்றைக்கு அவர் வீட்டுக்குள் வந்த நடையைப் பார்த்தால் வேலை போன மனுஷன் நடை மாதிரியே இல்லை.

சாயங்காலம் பியூன் அக்கா வீட்டு வாசலில் நின்று சத்தமாகச் சொன்னான். அவள் புருஷனைச் செத்தவர்களோடு சேர்த்துவிட்டார்கள், வீட்டில் இருந்துகொள்ளலாம், பெரிய பையனை மேல் வேலைக்கு அனுப்பலாம். லயன் முழுக்கக் கேட்டது. இனி தண்ணீர் பிடிக்கிற இடத்தில் எவளும் வாய் திறக்க மாட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் வீட்டில் அடுத்த வாரம் அடுப்பெரியுமா என்று தெரியாது, இருந்தும் எனக்கு மனசு லேசாக இருந்தது. ஒரு காரியமாவது நேரானது என்று சந்தோஷத்தோடுதான் அவள் வீட்டுக்குள் நுழைந்தேன்.

அவள் சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள். தாலியைக் கழற்றி மடியில் வைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும், அந்த ஞாயிற்றுக்கிழமை ஷாப்ட் வாசலில்கூட அழாத அழுகையை அழுதாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

"நீங்க கஸ்டப்பட்டு செஞ்சீங்க தங்கச்சி, எனக்குத் தெரியும். நான்தான் கேட்டேன்" என்றாள். மூக்கைச் சிந்திவிட்டு மறுபடி பேசினாள். "ஓடிப்பூட்டான் ஓடிப்பூட்டான்னு அல்லாரும் சொல்லச் சொல்ல, அது பொய்யின்னு எனக்குத் தெரியும். ஆனா படுத்தா மட்டும், ஒருவேளை நெசமாவே ஓடித்தான் பூட்டாரோன்னு தோணும். எங்கனா ஒரு ஊர்ல எவளையோ சேத்துக்கினு நல்லா துன்னுக்கினு கீறாரோன்னு. வரட்டும், வெளக்கமாத்தால அடிக்கறேன்னு திட்டிக்கினே தூங்கிப்பூடுவேன். தெனமும் அப்பிடித்தான் தூங்குனேன்."

தாலியை எடுத்து என் கையில் வைத்தாள்.

"இனிமே யாரத் திட்டிக்கினு தூங்குவேன், சொல்லு."